போனில் தானாக முளைக்கும் விளம்பரங்கள்: எங்கிருந்து வருகின்றன, எங்கே நிறுத்துவது

போன மாதம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, காபி டம்ளரைக் கொடுத்த கையோடு தன் போனையும் நீட்டினார். "வைரஸ் வந்துடுச்சுப்பா, நாள் பூரா டிங் டிங்னு அடிச்சுட்டே இருக்கு, என்னன்னு பாரு." வாங்கித் திரையை மேலிருந்து இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது: உங்கள் போனில் 5 வைரஸ், பேட்டரி பழுதாகிறது, உங்கள் பார்சல் காத்திருக்கிறது, நடுவில் ஒரு ரம்மி விளம்பரம், அதற்குக் கீழே உள்ளதை இங்கே எழுத முடியாது. யாரோ சொன்னார்கள் என்று ஏற்கெனவே இரண்டு க்ளீனர் ஆப்பும் போட்டு வைத்திருந்தார். அதில் ஒன்று தன் பங்குக்கு அதுவும் விளம்பரம் காட்டிக்கொண்டிருந்தது.

வைரஸ் எதுவும் இல்லை. குரோமில் 17 தளங்களுக்கு, நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொள்ளுங்கள் என்று 'அலோ' (அனுமதி) கொடுத்து வைத்திருந்தார், அவ்வளவுதான். விட்டுப்போன சீரியலைத் தேடிப் போன இடத்தில் ஒன்று, ராசிபலனில் ஒன்று, பேரன் பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போனபோது ஒன்று என்று அவரே ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். இது அவருக்கு மட்டும் நடப்பதில்லை. 'பாப்-அப் தொல்லை' என்று என்னிடம் யார் போனைக் கொடுத்தாலும் பாதிக்கு மேல் இதே கதைதான். அதனால் எந்த ஆப்பையும் புதிதாகப் போடுவதற்கு முன்னால், வருவது எந்த வகை என்று பாருங்கள்.

பார்ப்பது சுலபம். இணையத்தில் எதையோ படிக்கும்போது தனி ஜன்னலோ புது டேபோ திறந்தால், அதுதான் அசல் பாப்-அப். ப்ரௌசரே திறக்காமல் இருக்கும்போது, சத்தத்தோடு மேலே வந்து உட்கார்ந்தால் அது நோட்டிஃபிகேஷன். படிக்கிற பக்கத்தின் மேலேயே ஒரு பெட்டி வந்து எழுத்தை மறைத்தால், அது அந்தப் பக்கத்தின் ஒரு பகுதி, தனி ஜன்னல் இல்லை. போனை எடுத்தவுடன் முகப்புத் திரையிலேயே முழுப்பக்க விளம்பரம் வந்தால் அதற்கும் ப்ரௌசருக்கும் சம்பந்தம் இருக்காது, ஏதோ ஒரு ஆப் செய்கிற வேலை. நான்குக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குப் போட்டுவிட்டு, 'பாப்-அப் ப்ளாக்கர் ஆன்ல தான் இருக்கு, ஆனாலும் வருதே' என்று புலம்புவோர்தான் அதிகம்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 1990களில் ட்ரைபாட் என்ற தளத்தில் வேலை பார்த்த ஈதன் ஸக்கர்மேன் என்பவர்தான் விளம்பரத்தைத் தனி ஜன்னலில் திறக்கும் நிரலை எழுதினார். பயனர்கள் உருவாக்கிய ஏடாகூடமான பக்கங்களோடு தன் பெயர் ஒட்டிக்கொள்வதை விளம்பரதாரர் விரும்பவில்லை. அதனால் விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து பிரித்துத் தனியாகக் காட்டினால் என்ன என்ற யோசனை. 2014இல் ஒரு கட்டுரை எழுதி மன்னிப்பும் கேட்டுவிட்டார். அதற்குப் பத்து வருடம் முன்பே, 2004இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலேயே பாப்-அப் தடையைக் கொண்டுவந்தது. இன்று எந்த ப்ரௌசரை எடுத்தாலும் அந்தத் தடை முதலிலிருந்தே இயங்கிக்கொண்டுதான் இருக்கும். முன்வாசல் அடைபட்டதும் ஆட்கள் பக்கவாசலுக்கு வந்தார்கள். 2015இல் குரோம், தளங்கள் நேரடியாக நோட்டிஃபிகேஷன் அனுப்பும் வசதியைத் திறந்துவிட்டது. செய்தித்தளம், மெயில் போன்றவற்றுக்கு என்று வந்த நல்ல வசதிதான். ஆனால் அதற்கு உங்கள் 'அலோ' ஒன்று போதும், அதற்குப் பிறகு தளத்தை மூடினாலும் ப்ரௌசரை மூடினாலும் அவர்கள் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கலாம்.

சரி, முதலில் இதை அடைப்போம்.

ஆண்ட்ராய்டு போனில் குரோமைத் திறந்து, வலப்பக்க மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு செட்டிங்ஸ் போங்கள். கொஞ்சம் கீழே இறங்கினால் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. நீங்கள் அனுமதி கொடுத்த தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும், பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும், வாயில் நுழையாத பெயர்களாக வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாகத் தொட்டு அனுமதியை எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில் மேலே ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அணைத்தால் இனிப் புதிதாக எந்தத் தளமும் உங்களிடம் கேட்கவே முடியாது. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்: பொத்தானை மட்டும் அணைத்தால் ஏற்கெனவே அலோ வாங்கியவர்கள் அப்படியே இருப்பார்கள். பட்டியலை மட்டும் துடைத்தால் நாளைக்குப் புது ஆள் வந்து கேட்பான். இரண்டையும் செய்யவும்.

எந்தத் தளம் அனுப்புகிறது என்று தெரியவில்லையா? வந்த நோட்டிஃபிகேஷனை விரலால் தள்ளிவிடாமல் நன்றாகப் பாருங்கள், குரோம் சின்னத்தோடு தளத்தின் முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். விரித்தால் அதிலேயே அனுமதியை ரத்து செய்யும் பொத்தானும் வரும். ஆனால் ஒரு விஷயம், 'வைரஸை நீக்க இங்கே தொடவும்' என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், அது அடுத்த கிணற்றுக்கு வழி.

இந்த 'அலோ'வை எப்படி வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ அழுத்தவும்' என்று பக்கத்தில் பெரிதாக எழுதி, அம்புக்குறியும் போட்டு, சரியாக அதே நேரத்தில் ப்ரௌசரின் அனுமதிப் பெட்டியை வரவழைப்பார்கள். வீடியோ ஓட வேண்டுமானால் அலோ, வயது 18 என்று உறுதிசெய்ய அலோ, டவுன்லோடு தொடங்க அலோ. எல்லாம் ஒன்றுதான். உண்மையான ரோபோ சோதனை பக்கத்துக்குள்ளேயே நடக்கும், போக்குவரத்து விளக்கு எங்கே, பஸ் எங்கே என்று கேட்கும், ப்ரௌசரின் அனுமதியை ஒருநாளும் கேட்காது. முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் 'இந்தத் தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்ப விரும்புகிறது' என்று வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், பக்கத்தில் என்ன கதை எழுதியிருந்தாலும் சரி.

கம்ப்யூட்டரிலும் குரோமில் இதே வழிதான்: மூன்று புள்ளி, செட்டிங்ஸ், 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', நோட்டிஃபிகேஷன்ஸ். எட்ஜிலும் செட்டிங்ஸுக்குள் தள அனுமதிகள் என்ற பகுதியில் அதே பெயரில் கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ் போய் 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி'யில் கீழே இறங்கினால் 'பெர்மிஷன்ஸ்' வரும், அங்கே நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தில் இருக்கும் செட்டிங்ஸை அழுத்தினால் பட்டியலும், புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் டிக் பெட்டியும் இருக்கும். கம்ப்யூட்டரில் இன்னொன்று: குரோமை மூடிய பிறகும் அது பின்னால் ஓடிக்கொண்டிருக்க அனுமதி இருக்கும். செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போய் அந்தப் பொத்தானையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்து அசல் பாப்-அப். அதே சைட் செட்டிங்ஸில் 'பாப்-அப்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்' என்று இருக்கும், அது தடுக்கும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். அதற்குக் கீழே விதிவிலக்காக அனுமதித்த தளம் ஏதாவது இருந்தால் தூக்கிவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் அதே பெர்மிஷன்ஸ் பகுதியில் பாப்-அப் ஜன்னலைத் தடுக்கும் டிக் இருக்கிறது. ஐபோனில் ப்ரௌசருக்குள் தேட வேண்டாம், போனின் செட்டிங்ஸில் சஃபாரியைத் தேடினால் 'ப்ளாக் பாப்-அப்ஸ்', அதோடு மோசடித் தள எச்சரிக்கை இரண்டுமே கிடைக்கும். இரண்டும் பச்சையில் இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகும் சில தளங்களில் ப்ளே பட்டனைத் தொட்டால் வேறு டேப் திறக்கிறதே என்றால், அது தடை வேலை செய்யாததால் இல்லை. நீங்கள் தொடாமல் தானாகத் திறக்கும் ஜன்னலைத்தான் ப்ரௌசர் தடுக்கும். நீங்கள் கை வைத்ததால் திறந்தது என்றால், கேட்டுத்தான் திறந்திருக்கிறார் என்று விட்டுவிடும். அதனால் அந்தத் தளக்காரர்கள் பக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடியைப் போட்டு வைக்கிறார்கள். முதல் தொடுதல் அந்தக் கண்ணாடியில் விழும், விளம்பரம் திறக்கும். இரண்டாவது தொடுதல்தான் ப்ளேவுக்குப் போகும். திருட்டுப் படத் தளங்களில் இது தினப்படி வழக்கம். இதற்கு செட்டிங்ஸில் முழு மருந்து கிடையாது, விளம்பரத் தடுப்பான்தான் வேண்டும், இல்லை அந்தத் தளத்துக்கே போகாமல் இருக்க வேண்டும். இரண்டாவது செலவில்லாதது.

விளம்பரத் தடுப்பான் என்றால் நான் சொல்வது யூப்ளாக் ஆரிஜின். இலவசம், ரேமண்ட் ஹில் என்பவர் எழுதியது. வெறும் 'யூப்ளாக்' என்று வேறொன்றும் இருக்கிறது, அது இது இல்லை, 'ஆரிஜின்' இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். பக்கத்தின் மேலே வந்து மறைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை இதோடு போய்விடும். ஃபயர்ஃபாக்ஸில் முழுதாக வேலை செய்கிறது, ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸிலும் கூட. இது ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது ப்ரௌசரோடு சேர்த்துப் போடும் குட்டி நிரல். குரோமில் கூகுள் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால் 2025இல் பழைய யூப்ளாக் ஆரிஜின் நின்றுபோனது, இப்போது அதன் 'லைட்' பதிப்புதான், பரவாயில்லாமல் வேலை செய்கிறது, பழைய பலம் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் குரோமில் எக்ஸ்டென்ஷனே போட முடியாது. அதனால்தான் தொல்லை அதிகம் என்று சொல்பவர்களுக்கு நான் நேராக ஃபயர்ஃபாக்ஸைப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

ஒரு குறிப்பிட்ட தளத்தில் மட்டும் தொல்லை, ஆனால் அங்கே படித்தே ஆக வேண்டும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. சைட் செட்டிங்ஸில் 'ஜாவாஸ்கிரிப்ட்' (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) போய் அந்தத் தளத்தை மட்டும் தடைப்பட்டியலில் சேருங்கள். பெட்டி, கவுண்ட்டவுன், தானாக ஓடும் வீடியோ எல்லாம் செத்துவிடும், வெறும் எழுத்து நிற்கும். சில தளங்கள் மொத்தமாக உடைந்தும் போகும், அப்போது பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

சில தளங்கள் திறக்கவே கூடாது, முக்கியமாகக் குழந்தைகள் கையில் போன் போகும் வீட்டில் என்றால், குரோமில் 'இந்த முகவரியைத் திறக்காதே' என்று சொல்ல நேரடியாக ஒரு பொத்தான் கிடையாது. நிறையப் பேர் இதைத் தேடித் தேடிக் களைத்துப்போவதால் சொல்கிறேன். மூன்று வழி உண்டு. குழந்தைக்குத் தனி கூகுள் கணக்கு இருந்தால் ஃபேமிலி லிங்க் ஆப்பில் தடைசெய்ய வேண்டிய தளங்களைச் சேர்க்கலாம், அல்லது நீங்கள் அனுமதித்த தளங்கள் மட்டும் திறக்கும்படி வைக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு இது நல்லது. ஐபோனில் ஸ்க்ரீன் டைமுக்குள் உள்ளடக்கக் கட்டுப்பாடுகளில் இதே வசதி. யூப்ளாக் ஆரிஜின் வைத்திருந்தால் 'மை ஃபில்டர்ஸ்' பக்கத்தில் || என்று இரண்டு நேர்கோடு, அடுத்து தளத்தின் பெயர், கடைசியில் ^ குறி, இடைவெளி விடாமல் ஒரே வரியில் எழுதிச் சேமித்தால் முடிந்தது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, டிஎன்எஸ். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைச் சொல்லும் தொலைபேசிப் புத்தகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்திலேயே மோசடித் தளங்களின் எண் கிழிக்கப்பட்டிருந்தால் எந்த ப்ரௌசரும் அங்கே போக முடியாது. க்ளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று இதை இலவசமாகக் கொடுத்தது: 1.1.1.2 என்றால் தீங்கான தளங்கள் மட்டும் அடைபடும், 1.1.1.3 என்றால் அதோடு ஆபாசத் தளங்களும். வீட்டு வைஃபை ரவுட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.3 என்றும், இரண்டாவதாக 1.0.0.3 என்றும் போட்டால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிக்கும் சேர்த்து ஒரே பூட்டு.

போனில் மொபைல் டேட்டாவுக்கும் சேர்த்து வேண்டும் என்றால், ஆண்ட்ராய்டு 9இலிருந்து 'ப்ரைவேட் டிஎன்எஸ்' இருக்கிறது. செட்டிங்ஸில் மேலே தேடும் இடத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் வந்துவிடும். அங்கே எண்ணைக் கொடுத்தால் ஏற்காது, பெயர்தான் கொடுக்க வேண்டும்: ஆங்கிலத்தில் ஃபேமிலி, புள்ளி, க்ளவுட்ஃப்ளேர், சிறுகோடு, டிஎன்எஸ், புள்ளி, காம். எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை.

இதில் சிக்கல் ஒன்றிரண்டு உண்டு. யூட்யூப் விளம்பரம் போகாது, வீடியோவும் விளம்பரமும் ஒரே வீட்டிலிருந்துதான் வருகின்றன. ரயில் நிலையத்திலோ ஓட்டலிலோ வைஃபை உள்நுழைவுப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ப்ரைவேட் டிஎன்எஸைக் கொஞ்ச நேரம் தானியங்கிக்கு மாற்றிவிட்டு, உள்ளே போனதும் திருப்பிப் போடுங்கள். ரவுட்டரில் போட்டும் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், அதன் ப்ரௌசரில் 'செக்யூர் டிஎன்எஸ்' வேறு ஒருவருக்குத் திருப்பப்பட்டிருக்கும், அதைப் பாருங்கள். வீட்டில் ப்ளஸ் டூ படிக்கிற பையன் இருந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

குரோமில் 'சேஃப் ப்ரௌசிங்' என்று ஒன்று இருக்கிறது, ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள். 'ஸ்டாண்டர்ட்', 'என்ஹான்ஸ்ட்' என்று இரண்டு நிலை. இரண்டாவதில் பாதுகாப்பு அதிகம், பதிலுக்கு நீங்கள் போகும் முகவரிகளைப் பற்றிய கூடுதல் தகவல் கூகுளுக்குப் போகும். நான் எனக்கு முதலாவதையும், அப்பா, சித்தப்பா போன்களுக்கு இரண்டாவதையும் வைத்திருக்கிறேன். வந்த லிங்கையெல்லாம் தொட்டுப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பரிமாற்றம் லாபம்தான்.

கம்ப்யூட்டரில் திடீரென்று முழுத்திரையில் சிவப்பாக ஒன்று வந்து, சைரன் அலறி, 'உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை உடனே அழையுங்கள்' என்று மிரட்டினால், அது வெறும் ஒரு வலைப்பக்கம். எதையும் பூட்டவில்லை. எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும், டேபை மூடுங்கள். மசியவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ப்ரௌசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும், இல்லாவிட்டால் அதே பேய் திரும்பி வரும். அந்த எண்ணை அழைக்கவே கூடாது. அழைத்து, எனிடெஸ்க் மாதிரி தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்கும் ஆப் ஏதாவது போடச் சொல்லி, பணமும் போய்விட்டது என்றால் இணையத்தைத் துண்டித்துவிட்டு வேறு போனிலிருந்து 1930க்கு அடியுங்கள், இந்தியா முழுவதுக்குமான சைபர் மோசடி உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு. கையோடு வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் தேடினால் வேறு ஏதோ தேடுபொறிக்குப் போகிறது, முகப்புப் பக்கம் மாறிவிட்டது என்றால் எக்ஸ்டென்ஷனைச் சந்தேகப்படுங்கள். பட்டியலைத் திறந்து, நீங்கள் போட்டதாக நினைவில்லாத எதையும் நீக்குங்கள். அப்படியும் போகவில்லை என்றால் குரோம் செட்டிங்ஸில் 'ரீசெட்' இருக்கிறது. புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அழியாது, எக்ஸ்டென்ஷன்கள் அணைக்கப்படும், செட்டிங்ஸ் பழைய நிலைக்குப் போகும், சில தளங்களில் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

முகப்புத் திரையிலேயே வரும் விளம்பரத்துக்கு: விளம்பரம் திரையில் இருக்கும்போதே சமீபத்திய ஆப்களைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள், எந்த ஆப்பின் சின்னத்தோடு அது நிற்கிறதோ அதுதான் ஆள். பிறகு போன் செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்' என்று தேடி, மற்ற ஆப்களின் மேல் ஏறி நிற்க யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். டார்ச், க்யூஆர் ஸ்கேனர், க்ளீனர், வால்பேப்பர் என்ற பெயரில் இருப்பவற்றுக்கு அந்த அனுமதி எதற்கு? எடுத்துவிட்டு ஆப்பையே நீக்குங்கள். ஐபோனில் இதற்கு இணையாக ஒரு கூத்து, காலண்டரில் 'வைரஸ்' என்று நிகழ்ச்சிகள் வரும். தெரியாமல் ஏதோ காலண்டருக்குச் சந்தா கொடுத்திருப்பீர்கள், காலண்டர் ஆப்பில் அந்தச் சந்தாவை நீக்கினால் எல்லாம் ஒட்டுமொத்தமாகப் போய்விடும்.

இவ்வளவையும் அடைத்த பிறகு ஒருநாள் வங்கித் தளத்தில் ஸ்டேட்மென்ட் அழுத்தினால் எதுவுமே வராது. ஏதோ கட்டணம் கட்டுவீர்கள், ரசீது திறக்காது. பழைய பாணித் தளங்கள் இன்னும் தனி ஜன்னலில்தான் இதையெல்லாம் காட்டுகின்றன. எனக்கு ஒருமுறை உதவி எண்ணில் பேசியவர் 'பாப்-அப் ப்ளாக்கரை மொத்தமாக ஆஃப் செய்துவிடுங்கள் சார்' என்றார். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் ஜன்னல் தடுக்கப்பட்டது என்று ஒரு சின்னச் சின்னம் வந்திருக்கும், அதை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் எப்போதும் அனுமதி என்று கொடுங்கள். போனில் என்றால் ஒரு பட்டை வந்து கேட்கும். கொடுப்பதற்கு முன் முகவரியை எழுத்து எழுத்தாக ஒருமுறை படித்துவிடுங்கள்.

சித்தப்பா போனில் 17 தளங்களையும் நீக்கி, பொத்தானை அணைத்து, க்ளீனர் இரண்டையும் தூக்கிவிட்டு, காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தால் மறுபடி ஒரு டிங். பார்த்தால் போனோடு சேர்ந்தே வந்த இன்னொரு ப்ரௌசர், அதற்குத் தனி செட்டிங்ஸ், தனி அனுமதிப் பட்டியல். குரோமில் அடைத்தது அதற்குத் தெரியாது. அதிலும் ஒன்பது பேர் இருந்தார்கள்.